பிழை விட்ட பிள்ளை மறுபடி பந்தைக் கேட்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கமாகப் போகும் வழியில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே இருக்கிற ஒரு மணல் மைதானத்தில் 11 வருடமாகப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். பின்னேரம் நாலரைக்குத் தொடங்கினால் மஃரிப் பாங்கு கேட்கும் வரை நடக்கும். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். உதை எப்படி, ஓட்டம் எப்படி என்று என்னிடம் கேட்கிற பெற்றோர் குறைவு. "சேர், அண்டைக்கு அந்தப் பிழை விட்டதில இருந்து இவன் ஒரு மாதிரி இருக்கான்" என்றுதான் முக்கால்வாசிப் பேரும் வருகிறார்கள். கிரிக்கெட், கரப்பந்து, அஞ்சலோட்டம் என்று வேறு விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு பிழை விட்டால் அதோடு அந்த ஆட்டம் முழுக்கச் சொதப்புகிறான். பயிற்சியில் நன்றாகத்தானே விளையாடுகிறான், ஏன் இப்படி?

பின்வரிசையில் நிற்கிற பிள்ளை பந்தைப் பிழையாகக் கொடுக்கிறான், எதிரணி கோல் போட்டுவிடுகிறது. அந்த நொடியில் அவன் எங்கே பார்க்கிறான் என்று கவனியுங்கள். பந்தைப் பார்க்க மாட்டான். முதலில் பயிற்றுவிப்பாளரைப் பார்ப்பான், பிறகு அப்பா நிற்கிற இடத்தைப் பார்ப்பான், அதற்குப் பிறகு நிலத்தைப் பார்ப்பான். நெஞ்சு அடிக்கிறது, மூச்சு மேலேயே நிற்கிறது, தோள் இறுகுகிறது, அட்ரினலின் ஏறிக் கால் பாரமாகிறது. நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ அதையேதான் இப்போதும் செய்கிறது, ஓடித் தப்ப ஒரு நாய்தான் அங்கே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது, இதைத்தான் நாங்கள் கவனிப்பதில்லை. பிழை விட்ட பிள்ளை அடுத்த தடவை தன் காலைத் தானே கண்காணிக்கத் தொடங்கிவிடுகிறான். உள்பாதத்தால் உதைக்கவா, கால் சரியாக நிற்கிறதா, இடுப்புத் திரும்பியதா என்று. சியான் பெய்லொக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நன்றாக உதைபந்து விளையாடுகிறவர்களைக் கூம்புகளுக்கு நடுவால் பந்தை உருட்டிக்கொண்டு போகச் சொல்லி, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய வேகம் குறைந்தது. காதில் விழும் சொற்களில் ஒரு குறிப்பிட்ட சொல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே உருட்டச் சொன்னபோதோ நன்றாகச் செய்தார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது நேர்மாறாக இருந்தது, காலைக் கவனித்தபோதுதான் அவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

வயல் வரம்பில் சைக்கிள் ஓடினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்னால் பார்த்து ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம், முன் சில்லைக் குனிந்து பார்த்தீர்களோ வயலுக்குள்தான். மூன்று நாலு வருடம் பழகின பிள்ளை பிழை விட்டதும் "கவனமா விளையாடு, கவனமா விளையாடு" என்று நாங்கள் கத்துவது அவனைச் சில்லைப் பார் என்று சொல்வது போலத்தான். பயிற்சியில் அப்படிப் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை, அதனால் அங்கே நன்றாக விளையாடுகிறான்.

அப்படியென்றால் அந்த நேரத்தில் என்னதான் செய்வது?

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் "மறுகா".

மட்டக்களப்பாருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: பிறகு, அப்புறம், அடுத்தது என்பதற்கு எங்கள் பக்கத்தில் மறுகா என்போம். கதை கேட்கிற பிள்ளை "மறுகா?" என்று கேட்டால் மேலே என்ன நடந்தது, சொல்லு என்று அர்த்தம். பிழை விட்டவனுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான் என்று எனக்குப் பட்டது, எடுத்துக்கொண்டோம்.

செய்வது இதுதான். பிழை விட்டால் இரண்டு மூன்று நொடி கோபப்படலாம், கையைப் பொத்திக்கொள்ளலாம், அதை நான் தடுப்பதில்லை. பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும், விடும்போதே மண்ணையும் விரலிடுக்கால் விட வேண்டும். மண் தீரும்போது மூச்சும் தீரும். பிறகு "மறுகா" என்று சொல்லி, அடுத்ததாகச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "ஏழாம் நம்பரைப் பிடி." "வலது பக்கம் அகலமா நில்." இவ்வளவுதான், பத்து நொடி போதும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது மெதுவாகும், அதனால் விடுவதை நீட்டினால் உடம்பு தணியும். குனிவதால் கண் அப்பாவிடமிருந்து விலகும். அடுத்த வேலையைச் சொல்வதால் எண்ணம் காலிலிருந்து ஆட்டத்துக்குப் போகும்.

சீமெந்துத் தரையில் கூடைப்பந்து விளையாடுகிற பிள்ளைக்கு மண் கிடைக்காது. அவன் சப்பாத்தின் அடியை உள்ளங்கையால் துடைக்கலாம். கரப்பந்தில் வலைக்கு முதுகைக் காட்டி ஒரு தரம் பின்கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கிரிக்கெட்தான் கொஞ்சம் கஷ்டம். பிடியை விட்டவனுக்கு அடுத்த பந்து வரை நேரம் இருக்கிறது, அடுத்த பிடி வர ஒரு மணித்தியாலமும் ஆகலாம், அவ்வளவு நேரமும் எல்லைக்கோட்டில் தனியாக நின்று அதையே யோசிக்கிறான். அவனைப் பந்து அடிக்கடி வருகிற இடத்துக்கு மாற்றுங்கள் என்று அணித்தலைவர்களுக்குச் சொல்வேன். ஒரு பந்தைத் தடுத்து எறிந்தாலே முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஒரு விசயம் முக்கியம். இதைப் போட்டியன்று காலையில் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. பயிற்சியில் நான் வேண்டுமென்றே பிழையாக விசில் ஊதுவேன், ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு அணியை 1-0 பின்னுக்கு வைத்துத் தொடங்குவேன், ஈரப் பந்தைக் கொடுப்பேன். எரிச்சல் வர வேண்டும், அப்போதுதான் மறுகா பழகும். என் பிள்ளைகளுக்கு இது தானாக வர ஒரு மாதத்துக்குக் கிட்ட எடுக்கிறது. பழகின பிறகு பிழை விட்டவன் சொல்லத் தேவையே இருப்பதில்லை, பக்கத்தில் நிற்கிறவன் "மறுகா மச்சான்!" என்று கத்துவான். அதே வயதுக் கூட்டாளி ஒருவன் சொல்வதற்கு இருக்கிற பலம் நான் சொல்வதற்கு இல்லை.

பிழை விட்டவனை உடனே வெளியில் எடுப்பது நல்லதா? அவனுக்கும் ஒரு ஓய்வு கிடைக்குமே.

இதைப் பயிற்றுவிப்பாளர்கள் கேட்கிறார்கள். அடிபட்டிருந்தாலோ, மூச்சு விட முடியாமல் அழுதாலோ எடுங்கள். மற்றபடி எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

எனக்கு 15 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நான் கோல் காப்பாளர். மாரி முடிந்த கையோடு ஒரு வலய மட்டப் போட்டி, நிலம் இன்னும் நனைந்துதான் இருந்தது. ஒன்றுமில்லாத ஒரு பந்து, உருண்டு வந்து என் இரண்டு காலுக்கும் நடுவால் போய்விட்டது. அடுத்த நிமிடமே என்னை வெளியில் எடுத்தார்கள். யாரும் ஏசவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. மிச்ச 40 நிமிடமும் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தேன், பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை என் பக்கத்து இருக்கை வெறுமையாகவே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் கோல் கம்பத்துக்குக் கிட்டப் போகவில்லை. என்னை எடுத்தவர் கெட்டவர் இல்லை, அணி வெல்ல வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஆனால் நான் விட்ட பிழையைத் திருத்த எனக்கு இன்னொரு பந்து கிடைக்கவில்லை. அந்த ஒரு பந்து கிடைத்திருந்தால் அந்த இரண்டு வருடமும் வேறு மாதிரிப் போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் பத்து நிமிடம் விளையாட விட்டு, அவன் ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்த பிறகு எடுங்கள். வெளியே வந்ததும் பக்கத்தில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வசனமாவது சொல்லுங்கள்.

கோட்டுக்கு வெளியில் நின்று நான் கத்துவது அவனுக்கு உற்சாகம்தானே?

கத்துகிற சொல்லைப் பொறுத்தது. பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தல் கத்தாதீர்கள், உள்ளே பயிற்றுவிப்பாளர் ஒன்றைச் சொல்லியிருப்பார், நீங்கள் வேறொன்றைச் சொல்வீர்கள், பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்பான். பெயரைச் சொல்லிக் கையைத் தட்டுங்கள், அது போதும். பிழை விட்ட நேரத்தில் அதுகூட வேண்டாம். அப்போது அவன் உங்கள் பக்கம் பார்ப்பான் என்று மேலே சொன்னேனே, அந்தப் பார்வைக்கு உங்கள் முகம்தான் பதில். தலையில் கையை வைத்தீர்களா, பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி ஏதாவது சொன்னீர்களா, எல்லாம் 60 மீற்றர் தூரத்திலிருந்து அவனுக்குத் தெரியும்.

ஒரு தந்தை, மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஒவ்வொரு பிழைக்கும் "என்ன மனே செய்றாய்!" என்று நெஞ்சு வெடிக்கக் கத்துவார். ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டேன். அவருக்கு 16, 17 வயதாக இருந்த காலத்தில் ஊரில் மைதானம் இருந்தது, ஆனால் பின்னேரத்தில் அங்கே போகிற நிலைமை இருக்கவில்லை. மூன்று தடவை இடம்பெயர்ந்திருக்கிறார். அவருக்குக் கிடைக்காமல் போன எல்லாப் பின்னேரங்களும் இப்போது அந்தப் பிள்ளையின் காலில் இருக்கின்றன. இது மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நிறைய வீடுகளில் இருக்கிற கதை, அவர்களைக் குறை சொல்ல என் வாய் வராது. பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன், தண்ணீர்ப் போத்தல்கள் அவர் பொறுப்பு. கைக்கு வேலை வந்ததும் கத்துவது குறைந்தது. இப்போது பெரியவர்களுக்கென்று சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறோம், அதில் அவர்தான் முதலாவதாக வருகிறார்.

வீட்டுக்குப் போகிற வழியில் என்ன பேசுவது?

ஒன்றும் பேசாதீர்கள். பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம், பிள்ளை பின்னால் இருக்கிறான், உங்கள் முகம் அவனுக்குத் தெரியாது, குரல் மட்டும் காற்றில் பாதியாகக் கேட்கும். அந்த நிலையில் சொல்கிற எதுவும் ஏச்சு மாதிரித்தான் கேட்கும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். வழியில் நிறுத்தி ஏதாவது வாங்கிக் கொடுங்கள், இளநீரோ ரோல்ஸோ. வென்றால் மட்டும் வாங்கிக் கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விடுங்கள். வென்றாலும் தோற்றாலும் அதே கடை, அதே ரோல்ஸ்.

அவனாகப் பேசத் தொடங்கினால் கேளுங்கள். "நான்தான் எல்லாத்தையும் கெடுத்தன்" என்று சொன்னால் உடனே மறுக்காமல் "அது உனக்கு நல்லாக் கவலையா இருக்கு என்ன" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொல்வார்கள்.

"பரவாயில்லை, அதெல்லாம் ஒண்டுமில்லை" என்று சொன்னால் போதாதா?

போதாது, ஏனென்றால் அது உண்மையில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். தண்ட உதையை (பெனால்டி) வெளியே அடித்ததால் தோற்றோம் என்றால் தோற்றோம்தான். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாங்களே பழக்கிவிட்டால் அந்தப் பிள்ளை எந்தப் பிழையையும் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றான் என்கிற பழக்கமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: மத்தியஸ்தர் பிழை, பந்து பிழை, மைதானம் பிழை. எங்கள் மைதானம் உண்மையிலேயே ஒரு பக்கம் சரிவுதான், ஆனால் எதிரணியும் அதிலேதான் விளையாடினது.

பாராட்டிலும் கவனம் வேண்டும். கரோல் டுவெக் என்ற உளவியலாளர் இன்னொருவரோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் பிறகு கஷ்டமான புதிர்களில் தோற்றபோது சீக்கிரம் சோர்ந்தார்கள், "நல்லா முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து செய்தார்கள். விளையாட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். "இவன் பிறவியிலேயே விளையாட்டுக்காரன்" என்று ஊரெல்லாம் சொல்லி வளர்ந்த பிள்ளைதான் பிழை விட்டால் அதிகம் உடைகிறான். பிறவியில் வந்தது என்றால் பிழை எப்படி வந்தது என்று அவனுக்குப் பதில் இல்லை.

பிழையைப் பற்றி எப்போது, எப்படிப் பேச வேண்டும்?

அடுத்த நாள். சாப்பிட்டுத் தூங்கி எழும்பிய பிறகு. பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

நான் முதலில் கேட்பது, இது எந்த மாதிரிப் பிழை என்று. கால் சரியாகப் பழகாததால் வந்ததா, எங்கே கொடுப்பது என்று முடிவெடுத்ததில் வந்ததா, களைப்பில் வந்ததா, அல்லது தைரியமாக ஒன்றைச் செய்யப் போய் வந்ததா? பழகாததால் என்றால் பழகலாம், நூறு தரம் அதே பந்தை உருட்டித் தருவேன். களைப்பு என்றால் அவன் மத்தியானம் என்ன சாப்பிட்டான், எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்று கேட்பேன். காலை ஆறு மணிக்குப் பிளேன்ரீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் பதினொரு மணி வெயிலில் ஓடுகிற பிள்ளைக்கு மனவலிமை பற்றிப் பாடம் எடுப்பது நியாயமில்லை. தைரியத்தில் வந்த பிழைக்கு நான் கையைத் தட்டுவேன், எல்லாருக்கும் முன்னால்.

தண்ட உதை பற்றித் தனியாக ஒன்று. நோர்வேயைச் சேர்ந்த கெயிர் யோர்டெட் பெரிய போட்டிகளின் தண்ட உதைகளை ஆராய்ந்தவர். விசில் ஊதியவுடன் அவசரப்பட்டு உதைக்கிறவர்கள் அதிகம் தவற விடுகிறார்கள் என்று கண்டார். சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற அவசரம் அது. அதனால் விசில் கேட்ட பிறகும் ஒரு முழு மூச்சு விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று என் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன்.

அஞ்சலோட்டப் பிள்ளைகளுக்கும் ஒன்று. கையிலிருக்கிற அஞ்சல் கோல் கீழே விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து அங்கேயே நின்று அழுகிறார்கள். விதி அப்படியில்லை. கோலை விழுத்தினவர் எடுத்துக்கொண்டு ஓடலாம், அதற்காகத் தன் ஓடுபாதையை விட்டு வெளியே போகவும் செய்யலாம், ஓடும் தூரம் குறையக் கூடாது, மற்றவருக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் 4x100 மீற்றர் அணியின் கோல் தகுதிச் சுற்றில் விழுந்தது, பக்கத்துப் பாதைக்காரியின் இடிபட்டு. அவர்கள் எடுத்து ஓடி முடித்தார்கள். முறைப்பாடு ஏற்கப்பட்டு, மறுபடி தனியாக ஓட விடப்பட்டு, இறுதிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். கோல் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் பயிற்சியிலேயே ஓடிப் பழக்குங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு அழ நேரம் இருக்காது.

பெண் பிள்ளைகளுக்கும் இதே மாதிரித்தானா?

மைதானத்துக்குள் இதே மாதிரித்தான், வெளியில் இல்லை. பையன் பிழை விட்டால் "அடுத்த முறை பாப்பம்" என்கிற அதே வீடு, மகள் பிழை விட்டால் "போதும், இனி படிப்பைப் பார்" என்கிறது. 14, 15 வயதில் வலைப்பந்து, எல்லே (தடியால் பந்தை அடித்து ஓடுகிற எங்கள் நாட்டு விளையாட்டு), கரப்பந்து விளையாடுகிற எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் பிள்ளை விடவில்லை, விட வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பிள்ளைகள் பிழைக்கு மட்டும் பயப்படவில்லை, பிழை வந்தால் விளையாட்டே போய்விடும் என்று பயந்து விளையாடுகிறார்கள். அப்படிப் பயந்துகொண்டு யாரால் பந்தைக் கேட்க முடியும்?

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். "நீ எப்படி விளையாடினாலும் இந்த வருசம் முழுக்க விளையாடலாம்" என்று பருவம் தொடங்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள், உம்மாவோ அம்மாவோ. அந்த ஒரு வாக்கு, எந்தப் பயிற்சியும் செய்யாத வேலையைச் செய்யும். கூட்டத்தில் யாராவது உடுப்பைப் பற்றியோ ஓட்டத்தைப் பற்றியோ கேலி பேசினால் பிள்ளையை அடக்காதீர்கள், பேசுகிறவரை அடக்குங்கள்.

பிழை விட்ட வீடியோவை வட்ஸ்அப் குழுக்களில் போட்டுச் சிரிக்கிறார்கள். என்ன செய்வது?

போட்டவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய், பெரியவராகப் பேசி எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்களில் யாரோ ஒரு மாமாவின் மகன்தான் போட்டிருப்பான், எடுத்துவிடுவான். கழகங்கள் பருவத் தொடக்கத்திலேயே 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பிழைகளைப் பகிர்வதில்லை என்று ஒரு முடிவெடுத்தால் இன்னும் நல்லது. பிள்ளையின் போனைப் பறிக்காதீர்கள், அது அவனுக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் அந்தக் குழுவை மட்டும் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

பயிற்றுவிப்பாளர் பிழைக்கு அடிக்கிறார், வெயிலில் முழங்காலில் நிற்க வைக்கிறார். அந்தக் காலத்தில் நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம்?

வளர்ந்தோம், அதனால் அது சரியென்று ஆகாது. கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கிறது, பாடசாலை மைதானமும் பாடசாலைதான். அடிக்குப் பயந்த பிள்ளை பிழை விடாமல் இருக்க ஒரே வழியைக் கண்டுபிடிக்கும், பந்து வராத இடத்தில் போய் நிற்கும். முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள், பிறகு அதிபரிடம் போங்கள். அதிலும் நிற்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெரிய வீரர்கள் யாராவது இப்படி விழுந்து எழும்பியிருக்கிறார்களா? பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும்.

மார்வன் அத்தபத்துவின் கதையைச் சொல்லுங்கள், எங்கள் நாட்டுக்காரர். 1990இல் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் இரண்டு இன்னிங்சிலும் 0. அணியில் இருந்து எடுத்தார்கள். 1992இல் திரும்பி வந்து 0, 1. மறுபடி எடுத்தார்கள். 1994இல் திரும்பவும் 0, 0. ஆறு இன்னிங்சில் ஒரே ஒரு ஓட்டம். இதோடு விட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். விடவில்லை. பிறகு டெஸ்டில் ஆறு இரட்டைச் சதம், மொத்தம் 5,502 ஓட்டம், நாட்டுக்குத் தலைவராகவும் இருந்தார். அந்த முதல் நாலு வருடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று பிள்ளையிடம் கேளுங்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

உதைபந்துப் பிள்ளைக்கு ரொபேர்ட்டோ பாஜியோ. 1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவர் அடித்த தண்ட உதை கம்பத்துக்கு மேலால் போக, பிரேசில் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் படத்தைப் பிள்ளைகள் எல்லாரும் எங்கேயாவது பார்த்திருக்கிறார்கள், தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். பலருக்கும் தெரியாதது 1998இல் நடந்தது. அடுத்த உலகக் கிண்ணம், சிலிக்கு எதிரான முதல் ஆட்டம், இத்தாலி 2-1 பின்னுக்கு, கடைசி நிமிடங்களில் ஒரு தண்ட உதை. பந்தை எடுத்து வைத்தவர் அதே பாஜியோ. கோல். எனக்கு 1994 படத்தைவிட இந்த 1998தான் பெரிசு.

பரீட்சை வருகிறது. இதைச் சாட்டாக வைத்து விளையாட்டை நிறுத்திவிட்டால் என்ன?

சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்துங்கள், அது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் பிழை விட்ட அந்த வாரத்திலேயே நிறுத்தாதீர்கள். இன்னும் இரண்டு ஆட்டம் விளையாடிவிட்டு நிற்கட்டும்.

எப்போது இது சாதாரணக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டும்?

இரண்டு மூன்று நாள் முகம் வாடியிருப்பது சாதாரணம். இரண்டு வாரத்துக்கு மேலும் நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், கூட்டாளிகளோடு சேராமல், பாடசாலைக்கும் போக மாட்டேன் என்று இருந்தால் அது விளையாட்டுப் பிரச்சினை இல்லை. "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள், தனியாக விடாதீர்கள். பாடசாலை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் போகலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துத் தாமதிக்காதீர்கள். முழங்கால் விலகினால் மறைக்கிறோமா? இல்லைத்தானே.

எத்தனை நாளில் சரியாகும்? சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

நாள் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் வருகிறவனும் உண்டு, ஒரு பருவம் எடுக்கிறவனும் உண்டு. சிரிக்கிறானா என்று பார்க்காதீர்கள், சிரிப்பை நடிக்கலாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பந்தைக் கேட்கிறானா? கையைத் தூக்கி, பெயர் சொல்லி, "தா, தா" என்று கேட்கிறானா, அல்லது ஆளுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறானா?

போன வருடம் ஒரு பையன், 13 வயது, ஒரு அரையிறுதியில் கடைசித் தண்ட உதையை வெளியே அடித்தான். பயிற்சிக்கு வந்தான், ஓடினான், சொன்னதெல்லாம் செய்தான், தண்ட உதை பழகும் நேரம் மட்டும் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு இருப்பான். நான் கூப்பிடவில்லை. அவனுடைய வாப்பாவும் கூப்பிடவில்லை, அந்த மனிதருக்கு அதற்காக நான் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் வேலியோரம் நின்று ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏழாவது வாரம், யாரும் ஒன்றும் சொல்லாமல், அவன் எழும்பி வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவனுடைய முறை வந்தது. பந்தை வைத்தான், மூச்சை விட்டான், அடித்தான். கம்பத்தில் பட்டு வெளியே போனது. பந்தை எடுக்க அவனே ஓடினான், எடுத்துக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் நின்றான்.